பத்து இராகமும் பொறித்தாளமும்: ஓர் இசைத்தட்டின் திறனாய்வு

1. தோற்றுவாய்

முத்தமிழ் என்னும் வழக்கு நம்மிடையே பெருவழக்காயினும், திறனாய்வு என்னும் துறை இயற்றமிழ் ஒன்றற்கே உரியதுபோல் நின்றுவிட்டது. பாட்டின் சொல்லை ஆராய்வார் பலர். பாட்டின் பண்ணை ஆராய்வார் சிலர். சொல்லே இல்லாத இசையை, அதிலும் பொறியால் எழுப்பப்படும் இசையை, ஆராய்வார் மிகச் சிலரே. ஆயினும் இன்று நம் இளைஞர் பெரிதும் கேட்பது அவ்விசையையே. புதுவை நகரின் நெல்லித்தோப்பில் வாழும் எமக்கு இது கண்கூடு. வார இறுதி மாலைகளில் இப்பகுதியினின்று கடற்கரை நோக்கிச் செல்லும் இளைஞருள் பலர், டெக்னோ, ஹவுஸ் என்னும் பெயர்களால் வழங்கும் இசைக்கு ஆடும் இரவுக் கூட்டங்களை நாடிச் செல்கின்றனர். இவ்விசையைத் தமிழ் நூல்களின் அளவைகொண்டு மதிப்பிடுதல் கூடுமா என எம் மாணவருள் சிலர் வினவியதுண்டு. கூடும் என்பதே எம் கருத்து. அதனை ஒரு சான்றால் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றாக யாம் எடுத்துக்கொள்வது, 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பார் இயற்றிய ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் இசைத்தட்டு. இதனை எடுத்தற்குக் காரணம் உண்டு. பொறியிசையில் இந்தியாவின் பங்கு யாது என்னும் வினா எழும்போதெல்லாம் உலகெங்கும் முதற்கண் சுட்டப்பெறுவது இத்தட்டே. அங்ஙனம் சுட்டுவோர் கூறும் புகழுரை தக்கதா, தட்டின் உண்மைச் சிறப்பு எங்கே உள்ளது என்பனவற்றை முறையே காண்பாம்.

2. தட்டும் கருவிகளும்

சரண்ஜித் சிங் இந்தித் திரையிசைக் குழுக்களில் நெடுங்காலம் கருவியிசைத்தவர். ஆர்.டி. பர்மன் முதலிய இசையமைப்பாளரின் பாடல்கள் பலவற்றில் அவர் கைவண்ணம் உண்டு. எனினும், குழுவில் இசைப்போர்க்கு அக்காலத்தில் பெயர் வழங்குதல் அரிதாதலின், கேட்போர் அவரை அறிந்திலர். 1982 அளவில் இந்தித் திரைப்படங்களில் டிஸ்கோ இசை பெருகியிருந்தது. அத்தாளத்தைக் கொண்டு, தபலாவை விடுத்து, இந்துஸ்தானி இராகங்களை இசைத்தால் என்ன என்னும் எண்ணமே இத்தட்டுக்கு வித்தாயிற்று. கிராமபோன் கம்பெனி ஆப் இந்தியா நிறுவனம் எச்.எம்.வி. முத்திரையுடன் அதனை வெளியிட்டது.

பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேகமல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பன அத்தட்டிலுள்ள பத்து இராகங்கள். தமிழ் நாட்டார் இவற்றுட் பலவற்றை வேறு பெயரால் அறிவர். பூபாலியின் சுரங்கள் நம் மோகனத்திற்குரியவை. மால்கௌன்ஸ் இந்தோளத்தை ஒக்கும். பைரவ் மாயாமாளவகௌளையை ஒக்கும். யமன் கல்யாணிக்கு இனமானது. மோகனமே பண்டை முல்லைத்தீம்பாணி என்பது இசைத் தமிழறிஞர் பலரின் முடிபு. ஆதலின், இத்தட்டு வடநாட்டாரின் இசைக்கே உரியது, நமக்கு அயலானது எனத் தள்ளத்தக்கதன்று.

கருவிகள் மூன்று. மூன்றும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தார் செய்தவை. டி.ஆர்-808 என்பது தாளப்பொறி; 1980இல் வெளிவந்தது. டி.பி-303 என்பது கீழ்ச்சுரப்பொறி, 1981இல் வெளிவந்தது. ஜூபிட்டர்-8 என்பது ஒரே நேரத்தில் எட்டுக் குரல் எழுப்பவல்ல சிந்தசைசர். அதுவும் 1981இல் வெளிவந்ததே. முன்னிரண்டும் கைப்பட வாசிக்கும் கருவிகள் அல்ல. பதினாறு படிகள் கொண்ட ஒரு வரிசையில் எப்படியில் எவ்வொலி எழவேண்டும் என முன்னரே குறித்துவிட்டால், நிறுத்தும் வரை அவை தாமே சுழன்று இசைக்கும். ஜூபிட்டர்-8 மட்டுமே இத்தட்டில் கலைஞரின் விரலுக்கு நேரே கட்டுப்பட்டு நடப்பது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர்க் கூறுவன பலவும் இதன்மேல் நிற்பன.

3. முதன்மை வழக்கு

தட்டு வெளிவந்த காலத்தில் அதனை நாட்டார் பொருட்படுத்தவில்லை. நெதர்லாந்து நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமான் அதனைக் கண்டெடுத்து, பாம்பே கனெக்ஷன் என்னும் தம் நிறுவன வாயிலாக 2010இல் மறுபதிப்புச் செய்தார். அன்று முதல், ‘ஆசிட் ஹவுஸ் இசையைச் சிகாகோ நகரத்தார்க்கு முன்னரே கண்டவர் ஓர் இந்தியர்’ என்னும் பேச்சு உலகெங்கும் பரவிற்று. இதனை முதன்மை வழக்கு எனலாம்.

அவ்வழக்கின் காரணம் எளிது. சிகாகோவில் ஃபியூச்சர் என்னும் குழுவினர் இயற்றிய ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை அதனினின்றே தோன்றியதாகக் கொள்வர். அதன் உயிர்க்கருவி டி.பி-303. அதே கருவி, அதே நான்கடித் தாளத்தோடு, ஐந்தாண்டு முற்பட்ட பம்பாய்த் தட்டில் ஒலிக்கிறது. ஆகவே பம்பாயே முதல் என்றனர்.

இவ்வாதம் பொருந்தாது. கருவி ஒன்றாயின் கலையும் ஒன்றாதல் வேண்டும் என்பது நியதியன்று. யாழ் ஒன்றே குறிஞ்சியும் பாடும், மருதமும் பாடும். இருவர் செயலையும் ஒப்புநோக்கின் வேற்றுமை விளங்கும். சிகாகோக் கலைஞர் ஒரு சிறு சுரத்தொடரை நிலையாக வைத்து, அது சுழலுங்காலத்தில் கருவியின் திருகுகளைத் திருப்பி, ஒலியின் நிறத்தையே மாற்றிக்கொண்டு போயினர். அங்கே சுரம் நிற்க, நிறம் நடக்கிறது. சரண்ஜித் சிங்கோ ஒலியின் நிறத்தைப் பெரும்பாலும் ஓரளவில் நிறுத்தி, இராகத்திற்குரிய சுரங்களை அடுக்கடுக்காக ஓடவிடுகிறார். இங்கே நிறம் நிற்க, சுரம் நடக்கிறது. கேட்போர் செவிக்கு இரண்டும் ஓரொலியாய்த் தோன்றுதல் கருவியின் குரல் ஒன்றாதலின், கலைநெறியோ வேறு. மேலும், சிகாகோவார் பம்பாய்த் தட்டைக் கேட்டு வழிகொண்டனர் என்பதற்குச் சான்று யாதும் இல்லை.

இனி, முதன்மையே சிறப்பெனின் சரண்ஜித் சிங்கிற்கும் முற்பட்டோர் நம் நாட்டிலேயே உளர். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் ஒன்றை அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா முதலியோர் ஆங்கே 1972 வரை பதிவுசெய்த மின்னிசை நாடாக்கள் பல்லாண்டு கிடப்பிற் கிடந்து, 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. ஆதலின் முதலாமவர் யார் எனத் தேடிச் செல்லும் ஆய்வு, ஒவ்வொரு பெட்டி திறக்கப்படும்போதும் தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதாகும். நூலின் காலத்தை வரையறுத்தல் இலக்கிய வரலாற்றின் பணி. நூலின் தரத்தை உணர்த்துதல் திறனாய்வின் பணி. முன்னதனைப் பின்னதாக மயங்குதல் கூடாது.

4. பண்ணும் நழுவலும்

இராகம் என்பது சுரங்களின் பட்டியல் அன்று. பூபாலிக்கும் தேசகார் என்னும் இராகத்திற்கும் சுரங்கள் ஐந்தும் ஒன்றே. ஆயினும் பூபாலியில் காந்தாரம் ஓங்கும். தேசகாரில் தைவதம் ஓங்கும். எச்சுரத்தில் நிற்பது, எச்சுரத்தைத் தொட்டு விலகுவது என்பனவே இராகத்தை இராகமாக்குவன. பதினாறு படியையும் ஒப்ப நிரப்பி ஓடும் பொறிக்கு இவ்வேறுபாடு தெரியாது. அது சுரத்தைச் சொல்லும், சுரத்தில் நில்லாது.

ஆயினும் டி.பி-303 கருவியில் இரண்டு வசதிகள் உள. ஒன்று, வேண்டும் படியை மட்டும் அழுத்தி ஒலிக்கச் செய்தல். மற்றொன்று, ஒரு சுரத்தினின்று அடுத்த சுரத்திற்கு வெட்டின்றி நழுவிச் செல்லச் செய்தல். கருவியைச் செய்தோர் இவற்றை மேலைநாட்டுக் கிதார் வாசிப்போர்க்குத் துணையிசையாகவே கருதினர். இந்தியச் செவி கொண்ட ஒருவர் கையில் அவை கமகத்தின் நிழல்களாகத் தோன்றுகின்றன. லலித் இராகம் இதற்கு ஏற்ற சான்று. அதில் பஞ்சமம் இல்லை. இருவகை மத்திமமும் அடுத்தடுத்து வரும். அந்நெருக்கத்தில் பொறியின் நழுவல் இயல்பாகப் பொருந்துகிறது. ஐஞ்சுர இராகங்களாகிய பூபாலி, கலாவதி, பைராகி ஆகியனவும் பொறியோட்டத்திற்கு இடந்தருகின்றன. சுரங்களுக்கிடையே வெளி மிகுதியாதலின், விரைந்த ஓட்டத்திலும் அவற்றின் உரு குலையவில்லை.

பைரவில் நிலை வேறு. அதன் கோமள ரிஷபமும் கோமள தைவதமும் மெல்ல அசைந்தாடுதல் வேண்டும். அவ்வசைவே அவ்விராகத்தின் வீறு. பொறியின் நழுவலோ எங்கும் ஒரே அளவினது. மெல்லவும் விரையவும் அதற்குத் தெரியாது. ஆகவே கீழ்ச்சுர ஓட்டத்தில் பைரவின் சுரங்கள் மட்டும் எஞ்சுகின்றன, அசைவு எஞ்சவில்லை. அக்குறையை நிரப்புவது ஜூபிட்டர்-8 கருவியில் இழையும் கலைஞரின் கையே. யாம் இத்தட்டைப் பலமுறை கேட்டு அறிந்தது இது: கையும் பொறியும் ஒன்றற்கொன்று விடைகூறும் இடங்களில் தட்டு உயர்கிறது, கையும் பொறிபோல் ஓடும் இடங்களில் தாழ்கிறது.

5. தாளமும் வெறுவிடமும்

தட்டின் பெருங்குறையும் ஆராயத்தக்க பொருளும் தாளத்தில் உள்ளன. இந்துஸ்தானியார் பெரிதும் ஆளும் தீன்தாளம் பதினாறு மாத்திரை உடையது; நந்நான்காக நான்கு பிரிவு. டி.ஆர்-808 பொறியின் வரிசையும் பதினாறு படி உடையது. நந்நான்காக நான்கு அடி. எண்ணிக்கை ஒன்றாதல் கண்டு இரண்டும் ஒன்றெனக் கருதுவார் உளர். எண்ணில் ஒன்றேயாயினும் பண்பில் வேறு. தீன்தாளத்தின் மூன்றாம் பிரிவு ‘காலி’ எனப்படும். அங்கே கை தட்டாது வீசும். தபலாவின் இடத்தொனி அடங்கும். நம் ஆதிதாளத்திலும் தட்டுக்கு மாறாக வீச்சு உண்டு. ஆகவே இந்தியத் தாளத்தின் உள்ளே ஒரு வெறுவிடம் வைக்கப்பட்டுள்ளது. அவ்வெறுவிடம் இருத்தலால்தான், சமம் மீண்டு வரும்போது வந்தது எனக் கேட்போர் உணர்கின்றனர்.

டிஸ்கோத் தாளத்தில் அடிமுரசு நான்கு அடியிலும் ஒத்த வன்மையுடன் விழும். எல்லாம் தட்டு, வீச்சு இல்லை. ஆடுவோர் காலுக்கு அது துணை. இராகத்தின் மூச்சுக்கு அது தடை. சரண்ஜித் சிங் தபலாவை விடுத்தபோது ஒரு கருவியை மட்டும் விடுத்தாரல்லர்; வெறுவிடத்தையும் உடன் விடுத்தார். பத்து இராகத்தையும் ஒருங்கே கேட்போர்க்கு இறுதியில் தோன்றும் சலிப்பின் காரணம் இதுவே என்பது எம் துணிபு. இராகங்கள் மாறுகின்றன, அவற்றைத் தாங்கும் நிலம் மாறவில்லை.

ஈண்டுச் சிலப்பதிகார அரங்கேற்று காதை நமக்கு ஓர் அளவையைத் தருகிறது. ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனப் பலர்க்கும் இலக்கணம் வகுக்கும் அக்காதை, தண்ணுமையோன் ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அறிந்தவனாதல் வேண்டும் என்னும் கருத்தை உடையது. தாளமிசைப்போன் முதற்கண் கேட்போன் என்பது இதனாற் போதரும். தாளப்பொறி கேளாது. ஆகவே, பொறித்தாளம் புகும் இசையில் அதற்காகக் கேட்பவர் ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதே இவ்வகை இசையின் தரத்தை அறுதியிடும் வினா.

6. டிஜே என்னும் தண்ணுமையோன்

இரவுக் கூட்டங்களில் அப்பணியை மேற்கொள்பவர் டிஜே எனப்படுவோர். பிறர் இயற்றிய தட்டுகளைச் சுழற்றுவோர்க்குக் கலைஞர் என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும் என வினவுவார் உண்டு. அவர் செயலை உற்றுநோக்கின் ஐயம் நீங்கும். இரண்டு தட்டுகள் இரண்டு சுழலிகளில் ஓடும். ஒன்றை அவையோர் கேட்க, மற்றொன்றை அவர் காதணி ஒலிப்பானில் தாம் மட்டும் கேட்பார். 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 சுழலியில் வேகத்தை நூற்றுக்கு 8 வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுகோல் உண்டு. அதனால் இரண்டு தாளத்தையும் அடிக்கு அடி பொருத்தி, ஒன்றன் கீழொலியை அடக்கி மற்றொன்றன் கீழொலியை எழுப்பி, இடைவெளி தோன்றாவாறு மாற்றுவார். எழுப்பும் நேரமும் அடக்கும் நேரமும் ஆடுவோரின் நிலைநோக்கி அமையும். சிறந்த டிஜே அடிமுரசை முற்றும் நிறுத்திச் சிலபொழுது வெறுவிடம் உண்டாக்கி, மீண்டும் விடும்போது கூட்டம் ஆர்த்தெழுவதைக் காணலாம். பொறித்தாளம் இழந்த காலியை அவர் மீட்டுத் தருகிறார். எனவே தண்ணுமையோனுக்குரிய இலக்கணம் அவர்க்குப் பொருந்தும். அவரை மதிப்பிடவும் அதுவே தக்க அளவை.

பொழுதினைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சிறுபொழுதும் பெரும்பொழுதும் திணைக்கு முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. இந்துஸ்தானி இசையும் பொழுதை இராகத்தோடு பிணைத்தது. லலித் வைகறைக்கு உரியது, பைரவ் காலைக்கு, யமன் மாலைக்கு, மால்கௌன்ஸ் நள்ளிரவுக்கு, மேகமல்ஹார் கார்காலத்திற்கு. இத்தட்டிலோ பைரவ் முதலாவது, லலித் இரண்டாவது, பூபாலி மூன்றாவது என வைப்புமுறை பொழுதோடு தொடர்பின்றிச் செல்கிறது. நடன இரவின் இயல்பு இதற்கு மாறானது. மாலையில் மெல்லத் தொடங்கி, யாமத்தில் உச்சமுற்று, வைகறையில் தணிவது அதன் ஒழுங்கு. இத்தட்டை ஆளும் டிஜே ஒருவர் மால்கௌன்ஸை யாமத்திலும் லலித்தை வைகறையிலும் வைப்பாராயின், தட்டின் ஆசிரியர் கைவிட்டதைத் தாம் நிறைவு செய்தவராவார். இங்ஙனம் செய்தற்கு இராக அறிவு வேண்டும். அவ்வறிவை இளைஞர்க்கு அளித்தல் நம்மனோர் கடன்.

7. பறையும் நிலமும்

தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணுங்கால் யாழோடு பறையையும் எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை என உரையாசிரியர் விரித்தனர். ஒவ்வொரு நிலத்தின் தாளமும் அந்நிலத்து மக்களின் தொழிலினின்று பிறப்பது என்பது கருத்து. டெக்னோ இசை இதற்கு விலக்கன்று. அது அமெரிக்காவில் மோட்டார்த் தொழிலாற் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரில், தொழில் நலிந்த 1980களில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞரால் உருப்பெற்றது. 1988இல் இங்கிலாந்தில் வெளியான தொகுப்பொன்று ‘டெக்னோ’ என்னும் பெயரை உலகறியச் செய்தது. பின்னர்ப் பெர்லின் நகர் அதனைத் தனதாக்கிற்று. 2024இல் ஜெர்மனி தன் நாட்டின் தொட்டுணரா மரபுச் செல்வப் பட்டியலில் பெர்லினின் டெக்னோப் பண்பாட்டைச் சேர்த்தது. பொறியின் ஒலியாயினும் அது அந்நிலத்தின் பறையே.

நம் நிலத்தின் பறையோடு பொறியைப் பிணைத்தல் கூடாதோ எனின், கூடும். இலண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ என்னும் தொகுப்பின் சில பகுதிகள் சென்னையில் பதிவுசெய்யப்பெற்றன. அவற்றுள் நம் உறுமியும் பறையும் முன்னிற்க, பொறி அவற்றை வெட்டியும் கட்டியும் தருகிறது. சரண்ஜித் சிங் பண்ணை இங்கிருந்தும் தாளத்தை அங்கிருந்தும் கொண்டார்; இவரோ தாளத்தையே இங்கிருந்து கொண்டார். அதனால் பம்பாய்த் தட்டில் யாம் கண்ட சலிப்பு இத்தொகுப்பில் இல்லை. மனிதர் கை அடிக்கும் தாளத்தில் அடிதோறும் சிறு வேறுபாடு உண்டாதலின் என்க. ஆயினும் பண்வளம் இதில் குறைவு. ஒன்றில் உள்ளது ஒன்றில் இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்த படைப்பு இனி வருதல் வேண்டும்.

8. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு முதலாவது என்பதனாற் சிறந்ததன்று. பொறியின் நழுவலுள் கமகத்தின் சாயலைக் கண்ட செவியாலும், பொறியோட்டத்தின்மேல் மனிதக் கை விடைகூறும் இடங்களாலும் சிறந்தது. தாளத்தில் வெறுவிடம் இழந்தமையாலும், பொழுதை மறந்தமையாலும் குறையுடையது. இம்மதிப்பீட்டிற்கு வேண்டிய அளவைகள் யாவும் நம் நூல்களிலும் நம் இசைமரபிலும் இருந்தே கிடைத்தன. அயலார் புகழ்ந்த பின்னர் நாமும் புகழ்தலும், அயலார் அறியாதவற்றை நாமும் அறியாதிருத்தலும் ஒழிதல் வேண்டும்.

சரண்ஜித் சிங் தம் இறுதி ஆண்டுகளில் ஐரோப்பிய மேடைகளில் இப்பத்து இராகத்தையும் இசைத்து, 2015இல் மறைந்தார். அவர் நற்பேறு, வாழும்போதே தேடி வந்தோர் இருந்தமை. தமிழ்நாட்டில் 1986இல் வெளிவந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ முதலிய படங்களின் காலந்தொட்டு, ஒலிப்பதிவுக் கூடங்களில் பொறிக்குச் சுரம் ஊட்டி வந்தோர் பலர். இசையமைப்பாளரின் பெயரை நாடறியும். பொறியின் முன் அமர்ந்தோரின் பெயரை அறிந்தோர் சிலர். அவருட் பலர் முதுமை எய்திவிட்டனர். ஏட்டுச்சுவடி தேடி ஊர்தோறும் நடந்த தமிழாசிரியர் மரபில் வந்த நாம், அவர்பாற் சென்று, அவர் ஆண்ட கருவி யாது, நிரப்பிய படிவரிசை யாது, கையால் இசைத்தது யாது எனக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஒலிநாடா ஏட்டினும் விரைந்து அழிவது. அதனை இயற்றியோர் நினைவு அதனினும் விரைந்து அழிவது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இப்பணியை இசைத்துறைகளுக்குரியது என ஒதுக்காது, முத்தமிழுள் ஒரு கூறாகக் கொண்டு இவ்வாண்டே தொடங்குதல் நன்று.